மூன்றாவது கட்டை

பெர்கன்
1866 அக்டோபர் 20

அன்புள்ள ராங்டி அக்காவுக்கு,

தூரி எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எனக்கு உயிரும் உடம்பும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அங்கே ஸ்கார்லியில் நீயும் ஹல்வோர் அத்தானும் என் பிர்கித்தும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டி வலி குறைந்ததா? மாடுகள் எத்தனை சினையாக இருக்கின்றன?

பதினாலாம் தேதி வேலைக்காரர்கள் இடம் மாறும் நாளன்று மீன் கொட்டகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டரை வருஷம் உப்பிலேயே ஊறினேன், அக்கா. விரல் நுனியெல்லாம் வெடித்து, ஆறுவதற்குள் அடுத்த வெடிப்பு. இப்போது பீப்பாய் செய்யும் யோக்கும் என்பவர் வீட்டில் சமையலுக்கும் துணி துவைக்கவும் இருக்கிறேன். மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. பேச்சு குறைவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பீப்பாயைத் தட்டுகிற சத்தந்தான் அவர் பேச்சு.

இந்தக் கடிதத்துக்குள் பித்தளைத் தந்தி ஒன்று சுருட்டி வைத்திருக்கிறேன். நம் அம்மாவின் லாங்கலைக் வாத்தியத்தில் பாட்டுத் தந்தி தேய்ந்துபோயிருக்கும், இதை மாட்டு. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அதை மேஜைமேல் வைத்து என் பாட்டைப் பிர்கித்துக்கு வாசித்துக் காட்டுகிறாய்தானே? நான் கிளம்பும்போது அவளுக்கு இரண்டு வயசு. என் முகம் அவளுக்கு நினைவிருக்காது, அது எனக்குத் தெரியும். முகம் போனால் போகட்டும். அந்தப் பாட்டு காதில் இருந்தால், நான் வருகிற அன்று ஏரிக்கு அக்கரையில் நின்று பாடினால் போதும், ஓடி வந்துவிடுவாள். அதை நம்பித்தான் இங்கே நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அவள் என்ன பேசுகிறாள், என்ன கேட்கிறாள், எல்லாம் எழுது. சுருக்கமாக எழுதினால் கோபம் வரும்.

உன் தங்கை,
தூரி


ஸ்கார்லி, வால்த்ரெஸ்
1866 நவம்பர் 18

அன்புத் தங்கை தூரிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இதுவரை எல்லாரும் சுகம். முட்டி வலி என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. மூன்று மாடு சினை. கறுப்பி மட்டும் இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டாள்.

மீன் கொட்டகையை விட்டாய் என்றதும் நிம்மதி. போன கடிதங்களைப் பிரித்தாலே வீடெல்லாம் மீன் நாறும், பூனை வந்து என் மடியில் ஏறும். இனி பூனைக்குத்தான் நஷ்டம். அந்தப் பீப்பாய்க்காரரைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறாய். மூன்று வரி எழுதுகிற அளவுக்கு அவரைக் கவனித்திருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிர்கித் தனக்கு முன்பல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாலரை வயசில் எங்கே ஆடும்? பக்கத்துப் பண்ணைப் பெரிய பெண்ணுக்கு ஆடுகிறதாம், இவளுக்கும் ஆட வேண்டுமாம். புளித்த பாலாடைக் கஞ்சி வைத்தால் நக்கி எடுத்துவிடுகிறாள். கன்றுக்குட்டி ஒன்றுக்கு அவளே பெயர் வைத்திருக்கிறாள், குருவானவர் பெயர். அத்தான் திட்டினார், அவள் மாற்றுவதாக இல்லை.

தந்தி வந்தது, மாட்டிவிட்டேன். நன்றாகப் பேசுகிறது. சனிக்கிழமை வாசிப்பது தவறவில்லை.

மேலே உள்ள பண்ணைக்கு ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணுகிறவர் ஒருவர் வந்திருந்தார். ஹல்வோர் மூன்று நாளும் போய்க் கேட்டார். கடைசி நாள் அந்தப் பண்ணைக்காரர் தன் வயலினைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் அடுப்பில் போட்டாராம். நான் போகவில்லை, மாடு கறக்க வேண்டியிருந்தது. இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். மாட்டு வியாபாரி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா ராங்டி


பெர்கன்
1866 டிசம்பர் 9

அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் முதல் வேண்டுதல் அதுதான். இங்கே மழை. பெர்கனில் மழை என்று எழுதுவது தண்ணீர் ஈரமாயிருக்கிறது என்று எழுதுவது போல.

உன் கடிதத்தில் நல்லதெல்லாம் முதலில் எழுதிவிட்டு, அந்த வயலின் விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அன்றையிலிருந்து அதே நினைப்புதான். ஹல்வோர் அத்தான் நல்லவர். ஆனால் நல்லவர்களுக்குப் பக்தி முற்றினால் வீட்டில் எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது. என்ன ஆனாலும் லாங்கலைக்கை அடுப்பில் போட விடாதே. வைக்கோலுக்குள் ஒளித்து வை. என்னிடம் வேறு எதுவும் இல்லை அக்கா அவளிடம் கொடுப்பதற்கு. பெர்கனிலிருந்து பாலா அனுப்ப முடியும்?

இன்னொன்று கேட்க வேண்டும். நீ குழந்தை சொன்னது, செய்தது எல்லாம் எழுதுகிறாய். அவள் உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. பெரியம்மா என்றுதானே?

யோக்கும் பற்றிக் கிண்டல் வேண்டாம். அவர் நேற்று என் விரல்களைப் பார்த்துவிட்டு, மாட்டுக் கொழுப்பில் ஏதோ தைலம் காய்ச்சி அடுக்களையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் நல்லபடி நடக்கட்டும்.

உன் தூரி


ஸ்கார்லி
1867 பிப்ரவரி 3

அன்புத் தூரிக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் நலம். பதில் தாமதமானதற்குப் பனியைத் திட்டு. மலைப் பாதையில் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. கறுப்பி சினைப்பட்டிருக்கிறாள், அதிசயம்.

நீ பயந்தது நியாயம்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஹல்வோர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோய் லாங்கலைக்கை எடுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டார். "இது ஆட்டத்துக்கு வாசிச்சது, ராங்டி. உங்கம்மா இதை வச்சு ஊரையே ஆட வச்சா. நம்ம வீட்ல ஏன் மூணு தொட்டில் காலியாச்சுன்னு எனக்கு இப்பதான் புரியுது" என்றார். நான் அவரை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாகச் சொன்னால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அழுதுகொண்டு சொன்னார்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. பொறுங்கள், இதில் ஞானப்பாட்டு வாசித்தால் அதுவும் பாவமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். மறுவாரம் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற எம்ப்ரிக் வாத்தியாரை அழைத்து வந்தார். அவர் ஞானப்பாட்டு வாசித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தந்திக்குக் கீழே ஒட்டியிருக்கிற கட்டைகள் சரியான இடத்தில் இல்லை என்று அளவுபட்டை ஒன்றை வைத்துப் பார்த்து, இரண்டு மூன்று கட்டைகளைப் பெயர்த்து நகர்த்தி, வஜ்ரப் பசை போட்டு ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபத்தில் நான் வாசிக்க, ஹல்வோர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். அடுப்புக்குப் போக இருந்தது, தப்பிவிட்டது. நீ சந்தோஷப்படுவாய்.

பிர்கித் நலம். சனிக்கிழமை பாட்டும் நடக்கிறது. காலுறை வந்து சேர்ந்ததா?

அன்புடன்,
ராங்டி


பெர்கன்
1867 பிப்ரவரி 24

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலம் என்று நீயே எழுதிவிட்டாய், போதும்.

இரண்டு மூன்று கட்டைகள் என்று எழுதியிருக்கிறாயே, எந்தக் கட்டை? மூன்றாவது கட்டையை நகர்த்தினாரா? அதைச் சொல்.

உனக்குத் தெரியாததா? ஆறு தந்தி கிடந்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும், ஒரே ஒரு தந்தியில்தான் பாட்டு. அந்த ஒரு தந்திக்குக் கீழே கட்டை எங்கே இருக்கிறதோ அதுதான் சுரம். அம்மா அந்தக் கட்டைகளை அளவுபட்டை வைத்தா ஒட்டினாள்? பாடிப் பாடி, தன் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே ஒட்டினாள். மூன்றாவது சுரம் சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நடுவில் நிற்கும். என் தொண்டையும் அங்கேதான் நிற்கிறது. பிர்கித் பாட்டில் ஒவ்வொரு வரியும் வந்து உட்காருகிற இடம் அது. எம்ப்ரிக் அதை விரல் அகலம் மேலே தள்ளியிருந்தால், அது என் பாட்டு இல்லை அக்கா. அது யாரோ கல்யாண வீட்டில் பாடுகிற பாட்டு.

"உங்கம்மாவுக்குக் காது சரியில்ல" என்று எம்ப்ரிக் வாத்தியார் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சொன்னவர். அவர் கையில் போய்க் கொடுத்தாயே.

உடனே யாரையாவது வைத்துப் பழைய இடத்தில் ஒட்டச் சொல். பழைய பசைத் தழும்பு மரத்தில் இருக்கும், அதைப் பார்த்து ஒட்டலாம். அதுவரை அந்தப் பாட்டை அவளுக்கு வாசிக்காதே. தப்பாகக் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கட்டும்.

நான் டிசம்பரில் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை.

தூரி


பெர்கன்
1867 மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாகிறது, பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் ஹல்வோர் அத்தானையாவது இரண்டு வரி எழுதச் சொல். போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நீ அதை அடுப்பிலிருந்து காப்பாற்றினாய், அதற்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

ஒரு செய்தி. யோக்கும் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா? உளியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வீட்ல நீ சம்பளத்துக்கு இருக்கிறது எனக்குப் பிடிக்கல" என்றார். என்னை வேலையை விட்டுத் துரத்துகிறார் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டப் போய்விட்டேன். பிறகுதான் விஷயம் புரிந்தது.

பிர்கித் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் அப்பன் அமெரிக்காவுக்குப் போனது, கடிதம் போடாதது, ஊர் பேசியது, ஒன்றும் மறைக்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்ளோ உயரம் இருப்பா?" எதற்கு என்றேன். கட்டில் செய்ய வேண்டுமாம்.

ஈஸ்டர் முடிந்து கோயிலில் கல்யாணம். ஜூன் கடைசியில், யோவான் திருநாள் வாரம் நான் வந்து பிர்கித்தை அழைத்துக்கொண்டு போகிறேன். நீங்கள் அப்போது மாடுகளோடு மேலே கோடைத் தொழுவத்தில் இருப்பீர்கள், நேரே ஏரிப் பக்கம் வந்துவிடுகிறேன். அவளிடம் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வை.

அவள் எவ்வளவு உயரம் என்று ஒரு நூலில் அளந்து அனுப்பு.

உன் தூரி


ஸ்கார்லி
1867 ஏப்ரல் 28

தூரிக்கு,

நலம். கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோஷம். கர்த்தர் ஆசீர்வதிப்பார்.

பிர்கித்துக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மெலிந்துவிட்டாள். இந்த நிலையில் மலை ஏறி இறங்கி லெர்டாலில் படகு பிடித்து அவ்வளவு தூரம் வந்தால் தாங்குவாளா என்று பயமாக இருக்கிறது. அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாமே. உனக்கும் புது வீடு, புது மனிதர், பழகிக்கொள்ள நாள் வேண்டாமா? அதற்குள் அவளுக்கு ஆறு வயசாகிவிடும், விவரம் தெரிந்திருக்கும்.

லாங்கலைக் பத்திரமாக இருக்கிறது. ஹல்வோர் விசாரித்ததாகச் சொன்னார்.

ராங்டி


பெர்கன்
1867 மே 19

அக்காவுக்கு,

காய்ச்சல் என்று படித்ததிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடுத்த கோடை வரை யார் காத்திருப்பது? பெற்றவள் வந்து பக்கத்தில் உட்காருகிறேன், காய்ச்சல் விடுகிறதா இல்லையா பார்ப்போம். சொன்ன நாளில் வருகிறேன். யோக்கும் லெர்டால் வரை வந்து படகுத்துறையில் காத்திருப்பார்.

நூல் அனுப்ப மறந்துவிட்டாய். உத்தேசமாகக் கட்டில் செய்துவிட்டார்.

தூரி


ஸ்கார்லி, கோடைத் தொழுவம்
1867 ஜூலை 7

தூரி,

நீங்கள் நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? பிர்கித் சாப்பிடுகிறாளா? அவளுக்குப் பாலை ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், சூடாகக் கொடுத்தால் குடிக்க மாட்டாள். அழும்போது பேச்சுக் கொடுக்காதே, முதுகில் கை வைத்தால் போதும்.

இங்கே இருந்த இரண்டு நாளும் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பேன். எழுதுவது எனக்குச் சுலபம். பொய்யையும் எழுதித்தானே அனுப்பினேன்.

காய்ச்சல் பொய். ஒரு நாள்கூட அவளுக்கு உடம்பு சுடவில்லை.

நீ அக்கரையில் நின்று பாடினாயே, அப்போது இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தேன். பிர்கித் வாசலில் கன்றுக்கு உப்பு நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் குரல் தண்ணீர்மேல் வந்தது. எனக்கு முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறேன், அம்மாவே வந்து நின்று பாடுகிற மாதிரி இருந்தது. பிர்கித் தலையைத் தூக்கிக் கேட்டாள். ஓடப் போகிறாள், இதோ ஓடப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் உள்ளே ஓடி வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, யாரோ நம்ம பாட்டைத் தப்புத் தப்பா பாடுறாங்க. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் வருஷம் பெரியம்மா என்றுதான் சொல்லிக் கொடுத்தேன், சத்தியமாக. சனிக்கிழமை வாசிக்கும்போது இது உன் அம்மா பாட்டு, பெர்கனில் இருக்கிறாள் என்று சொல்வேன். ஒருநாள் கீழே விழுந்து தாடையைப் பெயர்த்துக்கொண்டு ரத்தத்தோடு அம்மா என்று கத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். யாரைக் கூப்பிட்டாளோ தெரியாது. நான் திருத்தவில்லை. மறுநாளும் திருத்தவில்லை. அதன்பிறகு நீ எங்கள் வீட்டில் தூரி சித்தி ஆகிவிட்டாய். உனக்குத் தெரியும், நான் மூன்று பெற்று மூன்றையும் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு வந்தவள். அதை ஒரு காரணமாகச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். ஆனால் வேறு காரணமும் இல்லை.

எம்ப்ரிக்கைக் கட்டையை நகர்த்த விட்டது கெட்ட எண்ணத்தோடு இல்லை. அதை எரிக்காமல் வைக்க வேறு வழி தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் உன் பாட்டை வாசித்தேன். வேறு ஏதோ வந்தது. மூன்றாவது சுரத்தில் துக்கமே இல்லை. பிர்கித் கைதட்டிச் சிரித்தாள், கூடவே பாடினாள். அதற்கு முன் அவள் கேட்டுக்கொண்டிருப்பாளே தவிரப் பாடினதில்லை. நீ வாசிக்காதே என்று எழுதின கடிதம் வந்த பிறகும் வாசித்தேன். இது தூரியின் பாட்டு இல்லை, இது எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமானது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்குப் பிடித்திருந்தது. பாவம் என்றால் அதுதான் என் பாவம்.

நீ வந்து முதல் வேலையாகக் கத்தியை எடுத்து அந்தக் கட்டைகளைப் பெயர்த்தாய். குழந்தை வெண்ணெய்ப் பானைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி ஏம்மா அதை உடைக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டாள். உடைக்கவில்லை, சரிசெய்கிறாள் என்றேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் உன் பெயர்தான் இருக்கிறது, அழைத்துப் போக உனக்கு உரிமை உண்டு. ஹல்வோர்தான் அவளைத் தூக்கி உன் வண்டியில் உட்கார வைத்தார். அப்புறம் அவர் காட்டுப் பக்கம் போய்விட்டுச் சாயங்காலந்தான் வந்தார்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

ராங்டி


ஸ்கார்லி, கோடைத் தொழுவம்
1867 ஆகஸ்ட் 4

தூரிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். பதில் வரவில்லை. கறுப்பி கன்று போட்டாள், பெண் கன்று. பிர்கித்திடம் சொல். அவளைப் பற்றி ஒரு வார்த்தை போதும், என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

ராங்டி


பெர்கன்
1867 ஆகஸ்ட் 25

ராங்டி அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அத்தானும் நலந்தானே? கறுப்பி கன்று போட்டதைப் பிர்கித்திடம் சொன்னேன். கன்று என்ன நிறம் என்று கேட்டாள். நீ எழுதவில்லை.

உன் ஜூலைக் கடிதத்தை இரண்டு முறை கிழிக்கப் பார்த்தேன். யோக்கும் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் தாமதம். பதில் எழுத உட்கார்ந்தால் கோபந்தான் வந்தது, இப்போதும் முழுசாகப் போகவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன்.

அவள் வந்த நாளிலிருந்து என்ன நடந்தது என்று சொல்கிறேன். படகில் வாந்தி எடுத்தாள். அப்புறம் வாயை மூடினவள்தான். கேட்டால் ஆமாம், இல்லை. கட்டில் அரை முழம் நீளமாகப் போய்விட்டது, ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். யோக்கும் மரக் குதிரை செய்து கொடுத்தார், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு ஜன்னலில் வைத்துவிட்டாள், தொடவில்லை. கஞ்சியில் இரண்டு வாய், ரொட்டியில் ஒரு கடி. கன்னம் ஒட்டிப்போயிற்று. நீ பொய்யாக எழுதின காய்ச்சல் நிஜமாக வந்துவிடுமோ என்று பயந்தேன்.

யோக்கும் ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்கதான் உங்கம்மா. சித்தின்னு கூப்பிடக் கூடாது, சரியா?" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்: "இல்லைங்க. அம்மா ஸ்கார்லில இருக்காங்க." அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

வந்த மறுநாளே, அங்கிருந்து நான் எடுத்து வந்த லாங்கலைக்கை மேஜையில் வைத்து நான் அவள் பாட்டை வாசித்தேன். அம்மா ஒட்டின இடத்திலேயே கட்டைகள் இருந்தன, ஒரு மயிரிழை பிசகில்லை. நானும் நன்றாகப் பாடினேன். இரண்டரை வருஷம் அந்த மீன் உப்பில் நின்றுகொண்டு நான் எனக்குள்ளே பாடிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டைத்தானே. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. நாளைக்குக் கேட்பாள், அடுத்த வாரம் கேட்பாள் என்று தினமும் வாசித்தேன். காதைப் பொத்துகிற பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து விடாமல் வாசித்தேன் அக்கா. என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நான் அடுக்களையில் இருந்தேன். அவள் வெறும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இடதுகை விரலால் பலகையை அழுத்தி, வலதுகையால் தந்தி மீட்டுகிற மாதிரி இழுத்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. மூன்றாவது கட்டை இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே போய் அழுந்தியது. எம்ப்ரிக் ஒட்டின இடத்தில்.

மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் யோக்குமிடம் கத்தியும் வஜ்ரப் பசையும் கேட்டேன். "இப்பதானே அதைக் கழட்டி ஒட்டின?" என்றார். ஆமாம், திரும்பக் கழற்றப் போகிறேன் என்றேன். எம்ப்ரிக்கின் பசைத் தழும்பு மரத்தில் அப்படியே இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதையும் ஆறாவதையும் அங்கே வைத்து ஒட்டினேன். அம்மா இதைப் பார்த்திருந்தால் என் கையை உடைத்திருப்பாள். ஒட்டும்போது நான் அழுதேன், பசையில் கண்ணீர் விழக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பசை காய ஒரு நாள் விட்டு, திங்கள் சாயங்காலம் வாசித்தேன். என் தொண்டை அந்தச் சுரத்துக்குப் போக மறுக்கிறது. இரண்டு இடத்தில் பழைய இடத்துக்கே வழுக்கியது. அவள் காதைப் பொத்தவில்லை. எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். "அங்க இல்ல சித்தி. இன்னும் மேல" என்றாள். எப்படி என்றேன். பாடிக் காட்டினாள். அக்கா, அவள் பாடுகிற குரலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நான் விட்டுவிட்டு வரும்போது அவளுக்குப் பாட வராது. எவ்வளவு திடமான குரல்.

பாடி முடித்ததும் என்னை உற்றுப் பார்த்தாள். "இது எங்கம்மா பாட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாக என்னிடம் பதில் தயாராக இருந்தது. நான்தான்டி உன் அம்மா, இது நான் உனக்காகக் கட்டின பாட்டு என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பெர்கனுக்கு வந்தபிறகு முதல் தடவையாக அவளுக்கு ஏதோ ஒன்று பழகினதாக இருந்தது. அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

"உங்கம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து பாடச் சொன்னாள். நாலு தடவை பாட வைத்தாள். அப்புறம் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். நேற்று மரக் குதிரையை ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறாள்.

அவளைத் திருப்பி அனுப்புவேன் என்று நினைக்காதே. அது நடக்காது. அவள் இங்கேதான் வளர்வாள். என்றைக்காவது அவளே கோயில் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், அதுவரை நான் சொல்ல மாட்டேன்.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. கன்று நிறம் என்ன, அத்தான் எப்படி இருக்கிறார், அவள் பெயர் வைத்த அந்தப் பழைய கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எல்லாம் எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். உன் மனசு தெரியும், எனக்காகப் பாவம் பார்த்து முடிக்கிற இடத்தில் பெரியம்மா என்று போட்டுவிடாதே. அம்மா என்றே போடு. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
பிர்கித்தின் சித்தி,
தூரி